வானநூலார் கய்யாமும் கிண்ணக் கவிஞர் கய்யாமும்

உமர் கய்யாம் என்றவுடன் தமிழ் வாசகர் உள்ளத்தில் எழுவது மரநிழலும் மதுக் கிண்ணமும் தான். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் இனிய தமிழ் அக்காட்சியை நம் நெஞ்சில் நிலைநிறுத்திவிட்டது. ஆனால் கவிமணி முதல்நூலாகக் கொண்டது பாரசீகமன்று. எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு 1859 இல் வெளியிட்ட ஆங்கில ஆக்கமே. எனவே நாம் சுவைப்பது இருமுறை கைமாறி வந்த கய்யாமை. அவ்வாறு கைமாறுகையில் நழுவிப் போனவர் வானநூலார் கய்யாம் என்பது நம் கருத்து.

பாரசீக ருபாயி ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் நான்கடிப் பாடல். ஏட்டுச் சுவடிகளில் அவை பெரும்பாலும் இயைபெழுத்தின் அகரவரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் கதைத் தொடர்ச்சி கிடையாது. ஃபிட்ஸ்ஜெரால்டோ வேண்டியவற்றைத் தேர்ந்து, சிலவற்றை ஒன்றோடொன்று கலந்து, முதற்பதிப்பின் 75 பாடல்களை விடியலில் தொடங்கி நிலவெழும் வேளையில் முடியும் ஒரே நாளின் கதைபோல் கோத்தார். அது பேரழகு வாய்ந்த ஆக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தக் கோவையும் அதில் தோன்றும் மனநிலையும் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கே உரியன.

மற்றொரு சிக்கலும் உண்டு. கய்யாம் மறைந்தது 1131 இல். அவர் காலத்தவர் அவரை அறிவியலாளராகவும் மெய்யியலாராகவுமே போற்றினர். அவருடையவை எனப்படும் பாடல்கள் அவர் மறைவுக்குப் பின்னரே பிறர் நூல்களில் தலைகாட்டுகின்றன. 1223 இல் நஜ்முத்தீன் ராஸி அவற்றை எடுத்துக் காட்டியதும் கண்டிப்பதற்காகவே. பிற்காலத்திலோ அவர் பெயரால் வழங்கும் பாடல்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. இத்தகைய பாடல்களைக் கொண்டு ஒருவருடைய ஒழுக்கத்தையும் நம்பிக்கையையும் தீர்ப்பிடுவது முறையாகுமா?

ஐயத்துக்கு இடமின்றி அவருடையவை என்று கொள்ளத்தக்க உரைநடை நூல்கள் நமக்கு உள்ளன. அவருடைய இயற்கணித நூல் முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, கூம்பு வெட்டுகளின் துணையால் தீர்வு காண்கிறது. எண்கணித முறையில் அவற்றைத் தீர்க்கத் தம்மால் இயலவில்லை என்றும், பின்வருவோர் ஒருவேளை அதனைக் காணக்கூடும் என்றும் அவர் அதில் எழுதியுள்ளார். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியக் கணிதர்கள் அதனைக் கண்டனர். அந்நூலின் முன்னுரையில், மெய்யறிவைத் தேடுவோர் அருகிவிட்டதையும், அறிஞராக நடிப்போர் உண்மையைப் பொய்யோடு குழைப்பதையும் எண்ணி வருந்துகிறார்.

1074 இல் சுல்தான் மலிக்ஷா அழைக்க, இஸ்ஃபஹானில் வானாய்வுப் பணியை ஏற்றார். அவரும் உடனிருந்த அறிஞர்களும் வகுத்த ஜலாலி ஆண்டுக் கணக்கு 1079 இல் நடைமுறைக்கு வந்தது. கதிரவன் மேட ராசியில் புகும் கணமே அதன் ஆண்டுப் பிறப்பு. 33 ஆண்டுகளுக்கு 8 மிகுநாள் என அதனை அறிஞர் விளக்குவர். அவ்வாறு கொண்டால் ஓர் ஆண்டு 365.2424 நாள். 1582 இல் வந்த கிரிகோரியன் கணக்கின் சராசரியோ 365.2425 நாள்.

அக்காலத்து அரசவைகள் வானநூலாரை வேண்டியது பெரும்பாலும் சோதிடத்துக்காகவே. கய்யாமை நேரில் அறிந்த நிஜாமி அரூஸி தமது ‘சஹார் மகாலா’வில் ஒரு செய்தி தருகிறார். ஹிஜ்ரி 508 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், மழையற்ற நாள்களை வேட்டைக்குக் குறித்துத் தருமாறு சுல்தான் கேட்டனுப்ப, கய்யாம் இரண்டு நாள் ஆராய்ந்து குறித்துக் கொடுத்தார், அது பலித்தது. எனினும் கோள்பலனில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தாம் காணவில்லை என்கிறார் அரூஸி.

இவற்றை மனத்திற்கொண்டு பாடல்களிடம் மீள்வோம். வானமே நம் விதியை எழுதுகிறது என்று அதனைப் பழிப்பது பாரசீகக் கவிமரபு. கய்யாம் பெயரால் வழங்கும் ஒரு பாடலோ, வானச் சக்கரம் நம்மினும் கதியற்றது, அதன்மேல் பழி சுமத்துவது வீண் என்னும் கருத்தைச் சொல்கிறது. இதனை அவநம்பிக்கையின் புலம்பல் என்று கொள்வது வழக்கம். கோள்கள் கணக்குக்குக் கட்டுப்பட்டு ஓடுவதைக் கண்ட ஒருவர் சோதிடத்துக்கு அளித்த மறுப்பாகவே நமக்கு அது தோன்றுகிறது. அவ்வாறே, எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்பது விளங்கவில்லை எனும் பாடல்களை இறைமறுப்பு என்பர். முப்படிச் சமன்பாட்டின் முன் ‘எம்மால் இயலவில்லை’ என்று எழுதிய அதே நேர்மை இங்கும் ஒலிப்பதாகக் கொள்ளலாகாதா?

அவரைக் குடிகாரர் எனத் தள்ளுவோரும் உளர். கிண்ணம் தோறும் ஞானமதுவையே கண்டு அவரை முழு சூஃபியாக்குவோரும் உளர். மெய்ப்பொருளை நாடுவோரை நால்வகையாகப் பிரித்த தம் உரைநடைச் சிறுநூலில் சூஃபிகளின் நெறியையே அவர் உயர்த்திப் பேசுகிறார் என்பது உண்மை. ஆயினும் அதனைக் கொண்டு பாடல் ஒவ்வொன்றுக்கும் மறைபொருள் கற்பிப்பது மிகை. இரு சாராரும் விரும்பும் முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு, பிறகு சான்று தேடுகின்றனர். இயற்கணித நூலின் முன்னுரையில் கய்யாம் வெறுத்தொதுக்கிய போக்கு இதுவன்றோ!

கவிமணியின் பாடல்களை நாம் தொடர்ந்து சுவைப்போம். தமிழுக்கு அவை நல்ல அணிகலன். ஆனால் அவற்றைப் பாடம் சொல்வோரும் மேடையில் எடுத்தாள்வோரும், அப்பாடல்களுக்குரியவராகச் சொல்லப்படுபவர் ஆண்டின் நீளத்தை அளந்த அறிஞர் என்பதையும் உடன் கூற வேண்டும். அதனை அறிந்தபின் ‘ஒரு கணமே நம் வாழ்வு’ என்னும் எண்ணத்தை அப்பாடல்களில் காணும்போது, அது களிமயக்கில் பிறந்த பேச்சாக வாசகருக்குத் தோன்றாது.