நெகடிவைப் படமெடுத்தால் போதுமா?

பண்பொழியில் சாரல் தொடங்கிவிட்டால் வீட்டில் எந்தப் பொருளும் நமுத்துப் போகும். திருமலைக் கோயிலின் மேல் மேகம் இறங்கிவிடும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய நெகடிவ்களின் கதியும் அதுதான். பிலிமின் மேல் பூசப்பட்டிருப்பது ஜெலாட்டின். நமக்கு அது படம். பூஞ்சைக்கோ அது உணவு.

ஆகவே, "நெகடிவ்களை டிஜிட்டல் காமிராவால் வீட்டிலேயே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்ற யோசனை இப்போது எங்கும் சொல்லப்படுவதில் வியப்பில்லை. அது பெரும்பாலும் நான்கு வரிகளில் அடங்கிவிடுகிறது. செல்போன் திரையை வெள்ளையாக ஒளிரச் செய், அதன்மேல் நெகடிவை வை, மேலிருந்து படமெடு, கணிப்பொறியில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்று. சிலர் ஐந்தாவது வரியொன்றும் சேர்க்கிறார்கள்: இனி நெகடிவ் தேவையில்லை.

என் பெரியம்மா மகன் ஐந்து வரிகளையும் அப்படியே கடைப்பிடித்தான். எங்கள் ஆச்சியை அருகிலிருந்து எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. இன்று கணிப்பொறியில் அதைப் பெரிதாக்கினால் ஆச்சியின் முகம் சல்லடைக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிகிறது. மறுபடி எடுக்கலாமென்றால் நெகடிவ் குப்பைக்குப் போய்விட்டது. இந்த யோசனையை இயற்பியல் கண்கொண்டு ஆராயத் தூண்டியது அந்தச் சல்லடைதான்.

முதலில் அதன் நிறையைச் சொல்லிவிடுவோம். முறை அடிப்படையில் சரியானதே. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படம் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் உடையது. 24 மெகாபிக்ஸல் காமிரா அந்த நீளத்தில் 6000 புள்ளிகளை இடுகிறது. அதாவது மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 167. ஒரு கறுப்புக் கோட்டையும் அடுத்த வெள்ளைக் கோட்டையும் பிரித்துக் காட்ட இரண்டு புள்ளிகள் வேண்டும். எனவே மில்லிமீட்டருக்கு 83 கோட்டு இணைகள் வரை பதிவாக இடமுண்டு. கையில் பிடித்து எடுத்த குடும்பப் படங்களில் இதைவிட நுண்ணிய விவரம் இருப்பது அரிது.

விலையுயர்ந்த லென்ஸும் கட்டாயமில்லை. 50 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையே 50 மி.மீ. நீளக் குழாயைப் பொருத்துங்கள். பிம்பத்தின் தூரம் 100, பொருளின் தூரமும் 100. பிம்பம் பொருளின் அளவே இருக்கும். பள்ளியில் படித்த லென்ஸ் சமன்பாடு வீட்டு மேசையில் வேலை செய்வதைக் காண்பீர்கள்.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

செல்போன் திரை தொடர்ச்சியான ஒளிப்பரப்பு அன்று. நுண்ணிய ஒளிப்புள்ளிகளின் வரிசை. நெகடிவை அதன்மேல் ஒட்டி வைத்தால் பிலிமோடு புள்ளிகளும் பதிவாகும். ஆச்சியின் முகத்தில் விழுந்த சல்லடை இதுதான். திரைக்கும் பிலிமுக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் பால்நிற அக்ரிலிக் தகட்டை வைத்தால் புள்ளிகள் மறைந்துவிடும். பரவலான ஒளியால் இன்னொரு நன்மையும் உண்டு. கறுப்பு வெள்ளை நெகடிவில் உள்ள வெள்ளித் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஒரே திசையில் வரும் ஒளியில் கீறல்களும் மாறுபாடும் மிகைப்பட்டுத் தெரியும். பரவலான ஒளியில் அவை அடங்கும். கேலியர் விளைவு என்பது இதன் பெயர். நெகடிவைச் சுற்றிக் கசியும் ஒளியைக் கறுப்பு அட்டையால் மறைக்கவும் மறவாதீர்கள்.

"துளையை எவ்வளவு சிறிதாக்குகிறோமோ அவ்வளவு தெளிவு" என்பது அடுத்த பிழை. விளிம்பு விளைவை அது மறந்துவிடுகிறது. சம அளவில் படமெடுக்கும்போது எஃப் எண் இரு மடங்குபோல் செயல்படும். எஃப்/16 வைத்தால் ஒரு புள்ளியின் பிம்பம் ஏறத்தாழ 0.04 மி.மீ. அகலமுள்ள வட்டமாகப் பரவுகிறது; காமிராவின் ஒரு பிக்ஸலோ 0.006 மி.மீ. தான். எஃப்/5.6 அல்லது எஃப்/8 போதும். ஆனால் அப்போது தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியே. சுருண்ட பிலிமைத் தட்டையாகப் பிடித்தாக வேண்டும். காமிரா சாய்ந்திருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. பிலிம் இருக்குமிடத்தில் ஒரு கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிரதிபிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது.

மூன்றாவது, தலைகீழாக்கும் வேலை. நெகடிவ் மாறுபாடு குறைந்த படம். கணிப்பொறியில் அதை இழுத்து விரிக்க வேண்டும். சாதாரண ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள்ளன. விரிக்கும்போது படிகளுக்கிடையே இடைவெளி விழுந்து, வானம் பட்டை பட்டையாகத் தெரியும். காமிராவின் 'ரா' கோப்பில் 14 பிட் வரை, அதாவது 16,384 படிகள் உண்டு. அதையே பயன்படுத்துங்கள். வண்ண நெகடிவின் செம்மஞ்சள் சாயலோ அழுக்கன்று. சாயங்களின் குறையைத் திருத்தவே வேண்டுமென்று வைத்தது. வெறுமனே தலைகீழாக்கினால் படம் முழுதும் நீலம் பூக்கும். படம் விழாத பிலிம் ஓரத்தைக் கொண்டு நிறத்தைச் சமன் செய்தபின்பே தலைகீழாக்க வேண்டும்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். ஐந்தாவது வரியோ திருத்த முடியாதது.

பிலிம் நிலையானது என்று நான் வாதிக்கவில்லை. 1948-இல் வந்த செல்லுலோஸ் டிரை அசிட்டேட் பிலிம் கெட்டுப்போவது பற்றிக் கோடக் நிறுவனத்துக்குப் பத்தாண்டுகளுக்குள் எட்டிய முதல் தகவல், வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டின் அரசிடமிருந்தே சென்றது. சிதையும் பிலிம் அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. உங்கள் பெட்டியைத் திறக்கும்போது காடி வாடை அடித்தால் அந்தப் பிலிம்களை உடனே தனியே பிரித்து, முதலில் அவற்றைப் படமெடுங்கள்.

ஆனால் படமெடுத்த கோப்பு மட்டும் சிரஞ்சீவியா? ஒரு வன்தட்டு ஒரே நாளில் மௌனமாகிவிடும். பிலிம் மெல்ல மங்கும். கோப்போ முன்னறிவிப்பின்றி மறையும். மேலும், இன்றைய காமிராவைவிட நல்ல கருவி நாளை வரும். அன்று மறுபடி படமெடுக்க மூலம் வேண்டாமா?

இதைச் செம்மையாகச் செய்வோரைப் பாருங்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய புகைப்படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு டிஜிட்டல் வடிவில் பதிவு செய்தது. மூல ஆவணங்கள் தம் நாட்டை விட்டு வெளியேறக்கூடாது என்பது அத்திட்டத்தின் விதி. பிரதி எடுப்பது மூலத்துக்கு ஓய்வு கொடுக்கவே; ஓய்வூதியமின்றி வீட்டுக்கு அனுப்புவதற்கன்று.

ஆகவே வாசகர்களே, நான்கு வரிகளையும் திருத்தி ஏற்றுக்கொள்ளுங்கள், ஐந்தாவதை அடித்துவிடுங்கள். கோப்புகளை இரண்டு இடங்களில் வையுங்கள். நெகடிவ்களைக் காகித உறையிலிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வீட்டின் குளிர்ந்த, உலர்ந்த மூலையில் வையுங்கள். உறையின் மேல் படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிவிடுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். எந்தக் காமிராவும் அதைப் பதிவு செய்யாது.