மறைந்திருக்கும் கருவிகள்: ஒரு பட்டியலின் குறை

விண்டோஸ் கணிப்பொறியில் 'டிவைஸ் மேனேஜர்' என்னும் கருவிப் பட்டியலைத் திறந்து, 'வியூ' என்பதன் கீழுள்ள 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதை அழுத்திப் பாருங்கள். ஒரே ஒரு வலையட்டை உள்ள பெட்டியில்கூட, அந்தத் தலைப்பின் கீழ் பல பெயர்கள் வந்து நிற்கும். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்களோ என்ற ஐயம் எழும். அவ்வாறு எழுவது உங்கள் குற்றமன்று; பட்டியலை அமைத்தவர்களின் குற்றமே.

'வான் மினிபோர்ட்' என்று வரிசையாக நிற்பவற்றை எடுத்துக்கொள்வோம். இவற்றுக்கு உலோகமும் இல்லை, கம்பியும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு தொடர்பு முறைக்கான மென்பொருளாகும். பெயரும் கடவுச்சொல்லும் தந்து இணையத்தில் நுழையும் இணைப்புக்கு ஒன்று. வீட்டிலிருந்து அலுவலக வலைக்குள் பாதுகாப்பாகச் செல்லும் வி.பி.என். முறைகளுக்குச் சில. குப்பை என்று எண்ணி நீக்கினால் அந்த இணைப்புகள் நின்றுபோகக்கூடும். 'டெரிடோ' என்று ஒன்று இருந்தால், அது புதிய ஐ.பி. 6 முகவரிச் செய்திகளைப் பழைய ஐ.பி. 4 வலையின் ஊடே கொண்டுசெல்ல 2006இல் வரையறுக்கப்பட்ட முறை. மரக்கப்பலைத் துளைக்கும் கடலுயிரின் பெயர் அது. பொருத்தமான பெயர்தான், ஆனால் படிப்பவருக்கு இதை யார் சொன்னார்கள்?

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. உருவமே இல்லாத மென்பொருட் கருவிகளையும், என்றோ செருகிப் பின்பு கழற்றிவிட்ட உண்மைக் கருவிகளையும் 'மறைந்தவை' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். கழற்றியவற்றின் குறிப்பை வைத்திருப்பதில் நன்மை உண்டு: மீண்டும் செருகினால் பழைய அமைப்புகள் தயாராக இருக்கும். தொல்லையும் உண்டு. பழைய அட்டைக்குத் தந்த நிலையான முகவரியைப் புதிய அட்டைக்குத் தந்தால், அது வேறோர் அட்டைக்கு உரியது என்று விண்டோஸ் எச்சரிக்கும். அந்த அட்டையோ பெட்டியிலேயே இராது! 2012இல் விண்டோஸ் 8 வரும்வரை, கட்டளைத் திரையில் தனியாக ஒரு மாறியை அமைத்தாலன்றி, இத்தகையவை மேற்சொன்ன பட்டியலிலும் தென்படவில்லை.

இப்போது அவை மங்கலான படத்துடன் தெரிகின்றன. அதன் விவரத்தைத் திறந்தால், கருவி இணைக்கப்படவில்லை என்று 45ஆம் எண் குறிப்பு சொல்லும். இனி அந்தக் கருவி தேவையில்லை என்றால் நீக்கலாம். மங்காமல் நிற்கும் மினிபோர்ட்டுகளைத் தொடாதீர்கள். இந்த இரண்டு வரிகளை அந்தத் திரையிலேயே எழுதி வைத்திருக்கலாம்.