மூன்றாவது சுற்றில் தெரியும் அழகு

கரிமருந்து ரிவால்வரின் தரத்தை முதல் ஆறு குண்டுகளை வைத்துச் சொல்லக் கூடாது. துடைத்து எண்ணெய் போட்டு எடுத்து வந்தால் எந்த உருளையும் சுகமாகத்தான் சுற்றும். மூன்றாம் முறை மருந்து கெட்டித்துச் சுடும்போது பார்க்க வேண்டும். அப்போதும் கட்டைவிரலால் சுத்தியலை இழுத்ததும் உருளை தடையில்லாமல் திரும்பி, தன் இடத்தில் சொடுக்கென்று உட்கார்ந்தால், அதை வடித்தவன் கைகாரன்.

காரணம் மருந்திலேயே இருக்கிறது. வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கரிமருந்து எரிந்து முழுக்கக் காற்றாகிவிடுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு என்று திடமாகவே மிஞ்சுகிறது. அதில் கொஞ்சம் அந்த வெள்ளைப் புகையோடு வெளியே போய்விடும். மிச்சமெல்லாம் குழலுக்குள்ளும் உருளையின் முகத்திலும் அச்சிலும் படியும். படிந்தது சும்மாவும் இருக்காது, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னத் தொடங்கும். செய்யூர்ப் பக்கத்து உப்பளக்காற்றில் வாழ்கிறவர்களுக்கு இரும்பின் கதியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுட்ட கையோடு கழுவாமல் வைத்தால், மறுநாள் காலையில் துருதான் வணக்கம் சொல்லும்.

நமக்கு அருகில் கடப்பாக்கத்தை ஒட்டி நிற்கிறதே ஆலம்பரைக் கோட்டை, நவாபிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது, அங்கே காவல் நின்ற சிப்பாய்களுக்கும் இந்தக் கசடு தொல்லை தந்திருக்கும். ஆனால் அவர்கள் தூக்கியது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நீண்ட துப்பாக்கி. கரி ஏறினால் குண்டை உள்ளே தள்ளக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ரிவால்வர் அப்படியல்ல. ஒவ்வொரு சுடலுக்கும் அது சுழன்றாக வேண்டும். உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத்தான் ஒவ்வொரு முறையும் சூடான கசடு பக்கவாட்டில் பீறிடுகிறது. இடைவெளியைக் குறைத்தால் உருளை சீக்கிரம் இறுகும், கூட்டினால் குண்டின் வேகம் குறையும். வடிவமைப்பவனின் சாமர்த்தியமெல்லாம் பீறிட்டு வரும் அழுக்கு எங்கே போய் விழட்டும் என்று தீர்மானிப்பதில்தான்.

1851 லண்டன் பெருங்கண்காட்சியில் இரண்டு பேர் தங்கள் பதில்களை மேசைமேல் வைத்தார்கள். அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கோல்ட், இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸ். கோல்ட்டின் நேவி மாடலுக்கு மேல் சட்டம் கிடையாது. உருளைக்கு மேலே வெட்டவெளி. தடித்த அச்சு ஒன்று உடற்பகுதியிலிருந்து நீண்டு வரும். குழலை அதில் செருகி, குறுக்கே ஓர் ஆப்பு அடித்தால் வேலை முடிந்தது. பார்க்க ஏதோ அரைகுறையாகத் தெரியும். ஆனால் அந்த அச்சைக் கவனியுங்கள். அதன்மேல் வரிவரியாகக் காடி வெட்டியிருக்கிறார்கள். காடியில் அப்பிய கொழுப்பு அங்கேயே தங்கும்; உள்ளே நுழையும் கரியும் அதற்குள் போய் ஒதுங்கும். அச்சு தடிமன், பரப்பு அதிகம், கொழுப்பும் அதிகம். உருளைமேல் 1843 கம்பெச்சே கடற்போரைப் பொறித்த அழகைப் பலரும் புகழ்வார்கள். எனக்கென்னவோ யார் கண்ணிலும் படாத அந்தக் காடிகள்தான் பெரிய சிற்பம்.

ஆடம்ஸ் உடற்பகுதியையும் குழலையும் ஒரே இரும்பாக அடித்தார். ஐந்து அறை, பெரிய குண்டு. சுத்தியலைக் கையால் இழுக்க வேண்டாம். விசையை அழுத்தினால் அதுவே உருளையைச் சுற்றி, சுத்தியலைத் தூக்கி, அடித்தும் முடிக்கும். நெருக்கத்தில் சண்டை போடுகிறவனுக்கு வரப்பிரசாதம். 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் ஒரு சிப்பாய்மேல் கோல்ட் நேவியால் பல குண்டு போட்டும் அவன் நிற்காமல் வந்து அதிகாரியை வெட்டிச் சாய்த்த கதையை ஃபாஸ்பெரி என்ற அதிகாரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆடம்ஸ் பக்கத்தாருக்கு அது பிடித்த கதை. ஆனால் கசடு ஏறும்போது தராசு சாய்கிறது. இறுகிய உருளையைச் சுற்றும் பாரம் முழுவதும் ஒற்றை ஆள்காட்டி விரலின் தலையில். விரல் திணறினால் குறி தப்பும். கட்டைவிரலில் வலுவுக்குப் பஞ்சமில்லை. 1856-இல் பியூமான்ட் என்ற பொறியியல் படை அதிகாரி இரண்டு வழியும் ஒரே துப்பாக்கியில் இருக்கும்படி செய்து வழக்கைத் தீர்த்தார்.

கோல்ட்டுக்கும் குறை உண்டு. தீபாவளிக்குப் பிள்ளைகள் அடிக்கும் கேப்பைப் போலத்தான் மருந்தைப் பற்றவைக்கும் அதன் செம்புத் தொப்பியும். அடிபட்டதும் பிய்ந்து சிதறும். துண்டு சுத்தியலின் சந்துக்குள் விழுந்தால் எல்லாம் நின்றுபோகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சுத்தியலை இழுக்கும்போது முனையை வானம் பார்க்கத் தூக்குவார்கள், துண்டு வெளியே உதிரட்டும் என்று.

ரெமிங்டன் ரிவால்வர்மேல்தான் எனக்கு மனத்தாங்கல். 1858-ஆம் ஆண்டுக் காப்புரிமையில் பிறந்தது. மேலே முழுச் சட்டம், திடமான கட்டு, குறி பார்க்கும் காடியும் சட்டத்திலேயே. அச்சை முன்னால் இழுத்தால் உருளை உள்ளங்கையில் விழும். கோல்ட்டைப் போல ஆப்பைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இத்தனையும் செய்துவிட்டு, அச்சை மெல்லிய கம்பியாக, காடி இல்லாமல் வழவழவென்று விட்டுவிட்டார்கள். உருளையின் முகமோ தட்டை. பீறிடும் கசடு நேரே அச்சின் வாயில் போய் நுழைகிறது. இரண்டு சுற்று சுடுவதற்குள் உருளை முனகத் தொடங்கும். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, அச்சில் கொழுப்பைத் தடவினால்தான் மீண்டும் வழிக்கு வரும்.

கொழுப்பு என்றதும் 1857 நினைவுக்கு வராமல் போகாது. என்ஃபீல்டு தோட்டாவின் காகிதத்தில் விலங்குக் கொழுப்பு பூசியதே கசடு இளகட்டும், அடுத்த குண்டு சுலபமாக இறங்கட்டும் என்றுதான். ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிவைத்த பூச்சு அது. அந்த ஜனவரியில் சிப்பாய்கள் தாங்களே கடைவீதியில் வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது, காலம் கடந்த பிறகு.

ரிவால்வரின் கசடுக்கும் பரிகாரம் கொழுப்புதான். குண்டுக்கும் கரிமருந்துக்கும் நடுவே கொழுப்பில் ஊறிய கம்பளி வில்லை, அல்லது குண்டுக்கு மேல் அறை வாயில் ஒரு பூச்சு. குளிர்நாட்டில் தேன்மெழுகோடு ஆட்டுக் கொழுப்பைத் தாராளமாகக் கலப்பார்கள். சித்திரை வெயிலில் நம் கடற்கரையில் அதே கலவை இடுப்பு உறையிலேயே உருகி வழியும், மருந்தையும் நனைத்துக் கெடுக்கும். கொழுப்பு நாற்பது டிகிரி தாண்டினால் இளகிவிடும், தேன்மெழுகு அறுபதைத் தாண்ட வேண்டும். ஆகவே இங்கே மெழுகின் பங்கைக் கூட்டுவதுதான் புத்திசாலித்தனம். பெட்ரோலிய எண்ணெய் மட்டும் ஆகாது. கரிமருந்துக் கசடோடு சேர்ந்தால் தாராகக் கெட்டிப்படும்; தாவர எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் கசடை இளக்கமாகவே வைக்கும். கழுவுவதற்கு வெந்நீரும் சோப்பும் போதும், ஏனென்றால் மிச்சத்தில் பெரும்பகுதி நீரில் கரையும் உப்பு. கழுவும்போது அழுகிய முட்டை வாடை வந்தால் கந்தகம் விடைபெறுகிறது என்று அர்த்தம். உடனே உலர்த்தி எண்ணெய் போட வேண்டும்.

ரெமிங்டன் விட்ட குறையைத் தீர்த்தவர்கள் ரோஜர்ஸ்-ஸ்பென்சர் நிறுவனத்தார். உருளையின் முகத்தில் அச்சைச் சுற்றி ஒரு சிறு கழுத்தை எழுப்பினார்கள். பீறிடும் கசடு அதில் மோதி விலகும்; அச்சு சுத்தமாக இருக்கும். மேல் சட்டமும் உண்டு. இவ்வளவு எளிய பதில், இரண்டு மாடல்களின் நல்லதையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்க அரசு ஐயாயிரம் துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1865-இல் அவை வந்து சேர்ந்தபோது உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது. பெட்டி பிரிக்காமலே கிடங்கில் கிடந்து, 1901-இல் பானர்மன் என்ற பழைய ராணுவச் சாமான் வியாபாரியிடம் மொத்தமாகப் போய்ச் சேர்ந்தன.