பினாங்கின் ஜாஸ் இசையும் பெட்டிக்குள் கிடந்த படங்களும்

ஜார்ஜ் டவுன் நகரம் 2008-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. அங்குள்ள பழைய கட்டடங்களை இன்று எவரும் மனம்போல் இடித்துவிட முடியாது. ஆனால் அக்கட்டடங்களுக்குள் ஒலித்த இசைக்கு அத்தகைய காவல் ஏது? வாசித்தவர் மறைந்தபின், அவர் பெட்டியை வீட்டார் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டால் தீர்ந்தது.

பால் அகஸ்டின், ஜேம்ஸ் லாக்ஹெட் இருவரும் எழுதி 2015-ல் வெளிவந்த ‘ஜஸ்ட் ஃபார் த லவ் ஆஃப் இட்’ என்னும் ஆங்கில நூல் இக்குறையைப் போக்க முற்பட்டது. ‘விருப்பம் ஒன்றிற்காகவே’ என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். 1930-கள் முதல் 1960-கள் வரை பினாங்கில் வழங்கிய மக்கள் இசையே நூற்பொருள். அகஸ்டின், 2004-ல் பினாங்குத் தீவு ஜாஸ் விழாவைத் தொடங்கியவர்களுள் ஒருவர். நூலை அடுத்து 2016-ல் கொம்தார் கட்டடத்தில் ‘பினாங்கு இசை இல்லம்’ திறக்கப்பட்டது. பழைய வானொலி நிலையம் ஒன்றின் மாதிரியும் அங்கே அமைக்கப்பட்டிருந்தது.

ஜாஸ் இசையைப் பாதுகாப்பதில் தனித்த இடர்ப்பாடு ஒன்று உண்டு. அதன் உயிர் ஏட்டில் இல்லை. இசைத்தாளில் மெட்டு இருக்கும். வாசிப்பவர் அந்நேரத்துக் கற்பனையால் விரித்தது இராது. நம் நாதசுர வித்துவானின் ஆலாபனையை எண்ணினால் இது எளிதில் விளங்கும். கீர்த்தனை புத்தகத்தில் கிடைக்கும். நள்ளிரவில் வீதியில் நின்று அவர் வாசித்த தோடி கிடைக்குமா? ஆகவே ஒலிப்பதிவு இல்லாதபோது நடன நிகழ்ச்சி விளம்பரம், குழுவின் புகைப்படம், உடன் வாசித்தவரின் நினைவு ஆகியவையே சான்றுகளாகின்றன. ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் நகரில் டுலேன் பல்கலைக்கழகம் 1958-ல் காப்பகம் தொடங்கியபோது, முதிய கலைஞர்களின் வாய்மொழியை ஒலிநாடாவில் பதிவதையே பெரும்பணியாகக் கொண்டது.

1929-ல் பினாங்கில் பிறந்த பி. ரம்லியை எவரும் மறவார். 1948-ல் சிங்கப்பூர் சென்று திரைப்படத்தில் சேர்ந்தமையால் படச்சுருள் அவரைக் காத்தது. ‘புத்ரா புத்ரி’ பாடலை இயற்றிய ஜிம்மி பாயில் 1971-ல் மறைந்தார். பாடலை அறிந்தோர் பலர். பியானோவில் அவர் ஜாஸ் வாசித்ததை அறிந்தோர் சிலரே. இத்தகையோருக்குப் பின்னால் அமர்ந்து டிரம்பெட்டும் சாக்சபோனும் வாசித்த யுரேசியர், பிலிப்பினோக்காரர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரின் நிலை என்ன? வேறு பிழைப்பை வைத்துக்கொண்டே வாசித்தவர்கள் அவர்களுள் பலர். இவர்களைப் பெயர் சொல்லி வரலாற்றில் அமர்த்த முயன்றதே இப்பணியின் தலையாய சிறப்பு எனலாம்.

குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலம் அறியாதார்க்கு நூல் மூடிய கதவே. மேலும், ஊரார் சேர்க்கும் காப்பகத்தில் கொண்டுவந்து கொடுத்தவர் கதைதான் இருக்கும். கொடாதவர் இருந்ததாகவே தெரியாது. இது தொகுத்தவர் பிழையன்று.

தமிழர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். தைப்பூசத்தை முன்னிட்டு, பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கி வெள்ளி ரதம் புறப்படும் காட்சியைப் படமெடுத்தவர் கணக்கற்றோர். ரதம் நடுவில் தெளிவாக நிற்கும். ஓரத்தில் பாதி வெட்டுண்டு நிற்கும் நாதசுரக்காரரின் பெயர் எத்தனை படங்களின் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கிறது? அந்த ஜாஸ் குழுக்களின் படங்களைப் போலவே இவையும் அலமாரிகளில் கிடக்கின்றன. முகம் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய பாட்டிமார் சில வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள்.