துப்பறிபவர் மலையிறங்கிய பிறகு

மலேசியாவின் தங்காக்கிலிருந்து சாகில் போகும் சாலையில் எங்கே நின்று பார்த்தாலும் லேடாங் மலை தெரியும். 1,276 மீட்டர் உயரம். ஜொகூரில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. அந்த மலையின் இளவரசியை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தானுக்கு அவள் ஏழு நிபந்தனைகள் விதித்ததாகக் கதை. கடைசி நிபந்தனை, அவருடைய மகனின் இரத்தம் ஒரு கிண்ணம். சுல்தான் பின்வாங்கினார். இந்தக் கதையில் கேள்வி கேட்பது மலை. பதில் சொல்ல வேண்டியவர் கீழேயிருந்து வந்தவர்.

மலையூர்களைக் களமாகக் கொண்ட குற்றக்கதைகளில் பெரும்பாலும் இது தலைகீழாகிவிடுகிறது. கீழேயிருந்து ஒருவர் துப்பறிய வருகிறார். மலைவாசிகள் வரிசையில் நின்று பதில் சொல்கிறார்கள். முடிச்சு அவிழ்ந்ததும் அவர் இறங்கிப் போகிறார். அதன்பின் அங்கே மிஞ்சியிருப்பவர்களைக் கதை நினைக்கிறதா? இந்தவகைக் கதைகளை இந்தக் கேள்வியை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

முதலில் பலத்தைச் சொல்ல வேண்டும். ஏறவும் இறங்கவும் ஒரே சாலை. ஒரு மண்சரிவு போதும், ஊர் அடைபட்டுவிடும். வந்தவர் யார், போனவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே குற்றவாளி தெரிந்த முகமாகத்தான் இருக்க முடியும். நகரத்துக் கதை தரும் அச்சம், முன்பின் அறியாதவனைப் பற்றியது. மலைக்கதை தரும் அச்சம், நேற்றுவரை நம் வீட்டில் சாப்பிட்டவனைப் பற்றியது. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது அனுபவத்தில் தெரிந்த உண்மை. இரவு லயத்தில் நடந்தது, விடிகாலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் நிற்பதற்குள் கடைசி வீடு வரை எட்டிவிடும். ஆனால் தோட்டத்து எழுத்தரான கிராணி கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அறிந்தும் பேசாதிருக்கும் இந்த மௌனமே மலைக் குற்றக்கதையின் உண்மையான மூலதனம்.

இதை ஆழமாகப் பயன்படுத்தியவர் ஜப்பானிய எழுத்தாளர் செய்ஷி யொகொமிசோ. 1949இல் தொடராக வரத் தொடங்கிய ‘எட்டுக் கல்லறைகளின் கிராமம்’ நாவலுக்கு, 1938இல் ட்சுயாமா அருகே ஒரு மலைக்கிராமத்தில் ஒரே இரவில் 30 பேர் கொல்லப்பட்ட உண்மைச் சம்பவம் தூண்டுதலாக இருந்தது. நாவலின் வேர் அதைவிடப் பழையது. அடைக்கலம் தேடி வந்த எட்டு வீரர்களை அந்த ஊரே பொன்னுக்கு ஆசைப்பட்டுக் கொன்றது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் நடக்கும் கொலைகள் எல்லாம் அந்தக் கூட்டுக் குற்றத்தின் நிழலில் நடக்கின்றன. கொலையாளி ஒருவர் அகப்பட்டாலும் ஊர் குற்றமற்றதாகிவிடவில்லை.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வந்தது, புஷ்கர்–காயத்ரி உருவாக்கி 2022இல் வெளியான ‘சுழல்’ தொடர். சாம்பலூர் என்ற கற்பனை மலையூர். ஒரு சிமெண்ட் ஆலை தீப்பற்றுகிறது. தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள். இங்கே விசாரிக்கும் காவலர்களும் அதே ஊர்க்காரர்கள். ஆய்வாளர் ரெஜினாவின் சொந்த மகனே வழக்குக்குள் வருகிறான். யாரும் கைகழுவிவிட்டு மலையிறங்க முடியாது. தீமையை வெளியூரான் தலையில் கட்டாமல், வீட்டுக்குள்ளேயே தேடும் துணிச்சலும் அதற்கு இருந்தது.

அதன் குறையும் சொல்லத்தக்கது. தொடரில் வரும் மயானக் கொள்ளை, மேல்மலையனூர் போன்ற சமவெளி ஊர்களில் அங்காளம்மனுக்கு மாசியில் நடக்கும் விழா. அது சாம்பலூர் மலைக்கு ஏறியது கண்ணுக்கு விருந்தாகிறது. ஆனால் அந்த மண்ணின் வழிபாடு என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை. ஆலைத் தொழிலாளரின் போராட்டமும் கதை நகர நகரப் பின்னால் போய்விடுகிறது.

மலைக் குற்றக்கதைகளுக்குப் பொதுவான, இதைவிடப் பெரிய குறை, யார் காணாமல் போனால் அது கதையாகிறது என்பதில் இருக்கிறது. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று கேமரன் மலையின் ‘மூன்லைட்’ பங்களாவிலிருந்து வெளியே போனவர், திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி பழங்குடியினரில் வழித்தடம் தேர்ந்தவர்கள், மலாய் மந்திரவாதிகளான போமோக்கள் எனப் பலர் தேடியும் தடயம் இல்லை. ஜப்பானின் செய்ச்சோ மட்சுமோட்டோ அதை வைத்து ஒரு நாவலே எழுதினார். அதே மலையில் தேயிலை பறித்து மாண்ட தமிழர் எத்தனை பேர்! அவர்களுக்காக எந்தத் துப்பறிவாளரும் ஏறி வரவில்லை. காட்டை நன்கறிந்த ஓராங் அஸ்லி மக்களும் இத்தகைய கதைகளில் வழிகாட்டிகளாகவே நின்றுவிடுகிறார்கள்.

இதற்கு வடிவமும் ஒரு காரணம். குற்றக்கதைக்கு ஒரு பிணமும் ஒரு கொலையாளியும் வேண்டும். பி.எச். டேனியல் 1969இல் எழுதிய, இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கிய நாவலை நினைத்துப் பாருங்கள். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் காய்ச்சலும் கடனும் அடியும் கூலிகளைக் கொல்கின்றன. யார் கொன்றது? கங்காணியா, துரையா, லண்டனில் பங்கு வைத்திருந்தவரா? விலங்கு மாட்ட ஒரு கை போதாது. அதனால்தான் நம் மலைகளின் ஆகப் பெரிய குற்றம் குற்றக்கதைக்குள் வராமல் நின்றுவிட்டது.

அதற்காக இந்த வடிவத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு கொலையாளியைக் காட்டிக்கொண்டே ஓர் ஊரின் பழியையும் சுமக்க முடியும் என்பதற்கு யொகொமிசோ சாட்சி. சுவிஸ் எழுத்தாளர் டூரன்மாட் 1958இல் வெளியிட்ட ‘வாக்குறுதி’யில் துப்பறிபவரின் கையில் முடிச்சு அவிழ்வதில்லை, காத்திருக்கும் அதிகாரி சிதைந்துபோகிறார். அந்தத் தோல்வியே நாவலை உயர்த்துகிறது.

மலேசியத் தமிழில் தோட்டத்தை எழுதியவர்கள் பலர். குற்றக்கதைக்கோ நாம் பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த மாத நாவல்களையே நம்பியிருந்தோம். லேடாங் அடிவாரத்துப் பால்மரக் காட்டில் ஒரு பிணம் கிடக்கட்டும். விசாரிப்பவள் லயத்தில் பிறந்தவளாக இருக்கட்டும். பெரட்டில் யார் யார் வாய் திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். இளவரசியைப்போல அவள் விலை கேட்க வேண்டியது கீழே இருப்பவர்களிடம். வழக்கு முடிந்த மறுநாள் விடிகாலையும் அவள் அங்கேதான் இருப்பாள். பெரட்டில் ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்ப்பாள். அந்தக் காலி இடத்தைக் காட்டும் நாவலுக்காக நான் காத்திருக்கிறேன்.