பூரணத்துக்கு வழிவிடும் மாவு

போளி தட்டும் கையை முதலில் பார்க்க வேண்டும். ருசியைப் பற்றிய பேச்சு அப்புறம். மந்தைவெளி, மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் பக்கத்துப் பலகாரக் கடைகள் சிலவற்றில் சாயங்காலம் அந்த வேலை கண்ணெதிரிலேயே நடக்கும். எண்ணெய் தடவிய இலையிலோ தாளிலோ சின்ன உருண்டையாக மேல்மாவு. அதைக் கிண்ணம்போல் விரித்து, அதைவிடப் பெரிய பூரண உருண்டையை உள்ளே வைத்து, விளிம்புகளை இழுத்து மூடி, மூடிய பக்கத்தைக் கீழே போட்டு, விரல் நுனிகளால் தட்டுவார் மாஸ்டர். நடுவிலிருந்து ஓரத்துக்கு, சுற்றிச் சுற்றி. பூரணம் நகர நகர மாவும் கூடவே நகரும். எங்கும் கிழியாது. கடைசியில் மாவு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு மெலிந்து, அடியிலிருக்கும் பூரணத்தின் நிறம் வெளியே தெரியும்.

போளியின் கலை முழுவதும் இந்த விகிதத்தில் இருக்கிறது. வெளியே இருப்பது குறைவு, உள்ளே இருப்பது அதிகம். ஏந்திக்கொள்ளத் தேவையான அளவுக்கு மட்டும் மாவு, மற்றதெல்லாம் பருப்பு.

இனிப்பான பருப்பை மாவுக்குள் வைத்துத் தின்னும் ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. பிலிப்பைன்ஸில் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே ‘மெரியெண்டா’ என்று ஒரு சிற்றுண்டி வேளை உண்டு. அந்த வேளைக்கு பேக்கரிகளில் கிடைக்கும் எளிய பண்டங்களில் ஒன்று ‘பான் டி மொங்கோ’: வெந்து மசிந்த பாசிப்பயறை சர்க்கரையோடு கிளறி உள்ளே வைத்துச் சுட்ட மெத்தென்ற பன். அதே பயறை அடுக்கடுக்கான மெல்லிய மாவுக்குள் வைத்தால் ‘ஹோப்பியா’. சீனாவின் ஃபூஜியான் பகுதியிலிருந்து போய்க் குடியேறியவர்கள் கொண்டுவந்தது அது. மணிலாவில் 1594இல் உருவான பினோண்டோ என்னும் சீனர் குடியிருப்பு இன்றைக்கும் ஹோப்பியாவுக்குப் பேர்போனது. ஜப்பானிலோ கிமுரா யசுபெய் என்ற ரொட்டிக்காரர் 1874இல் அரிசி மதுவின் நொதியால் மாவைப் புளிக்கவைத்து, சிவப்புப் பயறு விழுதை உள்ளே வைத்து ‘அன்பான்’ செய்தார். மறு ஆண்டே அது பேரரசர் மெய்ஜியின் முன்னால் வைக்கப்பட்டது. மேல்நாட்டு ரொட்டி அதுவரை பலருக்கு அந்நியம். பழகிய பயறு உள்ளே இருந்ததால் அது அவர்கள் நாக்குக்குச் சொந்தமாயிற்று.

மணிலா பன்னுக்குள் இருக்கும் பாசிப்பயறு இந்தியாவில் முதன்முதலாகப் பயிராக்கப்பட்டுக் கிழக்கே போனது. நம் போளிக்குள் இருக்கும் கடலைப்பருப்போ, கொண்டைக்கடலை இனம். அதன் பூர்வீகம் இன்றைய துருக்கிப் பக்கம். நம்முடைய பயறு அங்கே போய் அவர்களுடைய தின்பண்டமாயிற்று; எங்கிருந்தோ வந்த கடலை இங்கே போகிப் பண்டிகைக்குரிய பட்சணமாயிற்று.

இந்தப் பண்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் போளியின் தனித்தன்மை எனக்கு விளங்குகிறது. பான் டி மொங்கோவிலும் அன்பானிலும் மாவு புளித்து உப்புகிறது. பல்லுக்கு முதலில் படுவது ரொட்டி. பயறு பிறகு கிடைக்கும் பரிசு. அதிலும் ஓர் அழகு இருக்கிறது. போளியில் அந்தக் காத்திருப்பே இல்லை. நாக்கில் பட்டதும் வெல்லம், ஏலக்காய், பருப்பு எல்லாம் ஒரேயடியாக வந்துவிடும். மாவு தன்னை ஒடுக்கிக்கொண்டு வழிவிடுகிறது. ஒதுங்குவது எளிதான வேலை என்று யாரும் நினைக்கக் கூடாது. அதற்கான பயிற்சி அடுப்பு பற்றவைப்பதற்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது.

மைதாவில் சிட்டிகை மஞ்சளும் உப்பும் போட்டு, சப்பாத்தி மாவைவிட நன்றாகத் தளரப் பிசைந்து, மேலே தாராளமாக நல்லெண்ணெய் விட்டு மூடிவைக்க வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரம். பிசைந்தவுடன் மாவிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம் முறுக்கிக்கொண்டு நிற்கும், இழுத்தால் சுருங்கிக்கொள்ளும். ஊற ஊற அந்த முறுக்கு தளர்ந்து, சொன்ன இடத்துக்கு வந்து அங்கேயே நிற்கும். அவசரப்பட்டுத் தட்டிய போளி கல்லில் விழுந்ததும் ஓரத்தை உள்ளே இழுத்துக்கொள்வது, மாவு ஊறவில்லை என்பதால்தான்.

பூரணத்தின் கணக்கு இன்னும் நுட்பம். வெந்த கடலைப்பருப்பை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். ஆனால் பானைக்குள் கரைந்திருக்கக் கூடாது. குழைந்துவிட்டால் தண்ணீர் கோத்துக்கொண்டு, எவ்வளவு கிளறினாலும் பூரணம் இறுகாது. நடுவில் வேகாமல் நின்றாலோ ஒரே ஒரு நறுக்கு போதும், தட்டும்போது மாவைக் கிழித்துவிடும். வெந்ததும் தண்ணீரை ஒட்ட வடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரைத் தெரிந்தவர்கள் கொட்ட மாட்டார்கள். கன்னடர் வீடுகளில் ஒப்பட்டு என்னும் போளி செய்யும் நாளில் சாறும், மராத்தியர் வீடுகளில் ஆம்டியும், நம் வீடுகளில் ரசமும் அதிலிருந்துதான் வரும். பருப்பின் காரசாரமான பாதியும் தித்திப்பான பாதியும் ஒரே இலையில் சந்திப்பது இந்தப் பலகாரத்துக்கே உரிய பெருமை.

வடித்த பருப்பை அரைத்து, வடிகட்டிய வெல்லத்தோடு கிளறுவார்கள். சிலர் தேங்காய்த் துருவலும் சேர்ப்பார்கள். பூரணம் கரண்டியோடு சுருண்டு, கையில் ஒட்டாமல் உருண்டு வரும்போது இறக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் மாவு நனைந்து கிழியும். கொஞ்சம் பிந்தினால் ஆறியபின் வெல்லம் இறுகிப் பூரணம் உதிரும். வெல்லத்தின் அளவில்தான் கைவண்ணம் வெளிப்படும். வெல்லம் கூடிப்போன போளியில் தித்திப்பு மட்டும் மிஞ்சும். சரியாக விழுந்த போளியிலோ, தித்திப்புக்குப் பின்னால் கடலைப்பருப்பின் மண்வாசனை கலந்த ருசி மெதுவாக எழுந்து வந்து, விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும். அந்த ருசிக்காகத்தான் இத்தனை பாடு.

பிறகு கல். சூடு மிதமாக இருக்க வேண்டும். வெல்லம் சட்டென்று கருகிவிடும். திருப்பிப் போட்டு, நெய் விட்டு, மேலே பழுப்புப் புள்ளிகள் விழுந்ததும் எடுக்க வேண்டும். அந்தப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய கசப்பு தட்டும். தித்திப்பு திகட்டாமல் காப்பது அதுதான். நல்ல போளியை நாலாக மடித்தாலும் மடிப்பில் வெடிக்காது. நடுவும் ஓரமும் ஒரே கனத்தில் இருக்கும். ஓரத்தில் வெறும் மாவு வளையமாக நின்றால், பூரணம் விளிம்புவரை போகவில்லை, தட்டிய கை அவசரப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இதற்குள்ளேயே எத்தனை முகங்கள்! திருவனந்தபுரத்துப் போளி பெரிது, பட்டுப்போல மெலிது, நல்ல மஞ்சள். சத்யா விருந்தில் பால் பாயசத்தோடு பிசைந்து சாப்பிடுவார்கள். மராத்தியரின் பூரன் போளியில் கோதுமை மாவும் ஜாதிக்காயும். ஆந்திரத்துப் பொப்பட்டில் நெய் கைவழியே ஒழுகும். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் சுகியனும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். கேரளத்துச் சுகியனுக்குள் இருப்பது பாசிப்பயறு. மணிலா பன்னுக்கு அது நேர் உறவு.

நம் ஊரில் போளி நெடுங்காலம் போகியன்றைக்கும் விசேஷ நாட்களுக்கும் உரியதாக இருந்தது. இன்று அது கிழமை பார்க்காமல் சாயங்காலப் பசிக்குக் கிடைக்கிறது. பண்டிகைப் பட்சணம் தெருவுக்கு வந்து மலிந்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. பூரணம் வைத்த பலகாரம் தமிழகத் தெருவுக்குப் புதிதும் அல்ல. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில், இரவு ஏறிய மதுரைத் தெருவில், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தை விற்கும் கூவியர் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார்கள். அந்த உள்ளீடு பருப்பும் தேங்காயும் என்று உரை எழுதுகிறார் நச்சினார்க்கினியர். நாளெல்லாம் உழைத்துக் களைத்த அந்தச் சிறு வியாபாரிகளைக் கவி மறக்கவில்லை. கல்லின் அனலில் நின்று போளி தட்டுகிற இன்றைய கைகள் அவர்களுடைய வாரிசுகள்.

வருத்தப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நிறப்பொடி கலந்து, மாவைத் தடிமனாக்கி, பூரணத்தைக் குறைத்து, பெட்டியில் அடைத்து விற்கும் போளி பெருகிவருகிறது. கெடாமல் இருக்கும், அடுக்க வசதி, அடக்கவிலையும் குறைவு. ஆனால் மாவும் பூரணமும் இடம் மாறிவிட்டால் அது போளியே அல்ல, தித்திக்கும் சப்பாத்தி. இந்தத் தேய்மானத்தைத் தடுக்கும் சக்தி சாப்பிடுகிற நம்மிடம்தான் இருக்கிறது. கல்லிலிருந்து எடுத்த போளியை அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். ஓரத்தைப் பிட்டுப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால் தட்டியவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாவு தடித்திருந்தால் அதையும் மரியாதையாகச் சொல்ல வேண்டும். ரசிகர் கேட்டுக்கொண்டே இருக்கும் வரையில்தான் எந்தக் கைவினையும் தன் மெல்லிய ஓரத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கும்.