'ஜகன்மோகினி'யின் எழுச்சியும் தளர்ச்சியும்: மொழிநடை நோக்கு

வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) 1925-இல் ஏற்று நடத்தத் தொடங்கிய 'ஜகன்மோகினி' திங்களிதழ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்து, 1950-களின் பிற்பகுதியில் நின்றது. போர்க்காலத் தாள் தட்டுப்பாடும், 1956-இல் ஆசிரியர் தம் மகனை இழந்த துயரமும் அதன் முடிவுக்குக் காரணங்களாகக் கூறப்பெறும். அவை மெய்யே. ஆயினும் இதழை வளர்த்த மொழிநடையே அதன் தளர்ச்சிக்கும் இடந்தந்தது என்பது எண்ணத்தக்கது.

முறையான பள்ளிக் கல்வி பெறாத அம்மையார், தம் முதற்படைப்பாகிய 'இந்திர மோகனா' நாடகத்தை வாயாற் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். அவ்வாய்மொழி இயல்பு அவருடைய புனைகதை நடையிலும் தங்கிற்று. விளித்தொடர்களும் வியப்புச் சொற்களும் நீண்ட உரையாடல்களும் கதையை உரக்கப் படிப்பதற்கு ஏற்றனவாக்கின. ஒருவர் படிக்க இல்லத்தார் பலர் கேட்ட காலத்தில், எழுத்தறியாப் பெண்களையும் இந்நடை எட்டியது.

ஆனால் அந்நடை பெரிதும் பிராமண இல்லத்தின் வழக்கைச் சார்ந்தது. 'ஸ்திரீ', 'பர்த்தா', 'கிருகம்' போன்ற சொற்கள் பொருளை மட்டுமன்றி வாழ்முறையையும் சுட்டின. அதே காலத்தில், அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழை, ஜி. அப்பாதுரையார் 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பும் தமிழ் படிக்கும் களமாக விளங்கியதை இது காட்டும். அங்கு வாழ்ந்த பெண்ணின் பேச்சு 'ஜகன்மோகினி' கருதிய 'ஸ்திரீ'யின் பேச்சன்று. பெண்கள் இதழ் என்னும் பொதுப்பெயர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

1941-இல் 'கல்கி' தோன்றியபோது எளிய உரைநடை பெருவழக்காகியிருந்தது. வடசொற் கலப்பைக் குறைக்கும் முயற்சியும் வலுப்பெற்றிருந்தது. 115 நாவல்கள் படைத்த ஒரே எழுத்தாளரைப் பெரிதும் நம்பி நின்ற இதழால் இம்மாற்றத்துக்கு எளிதில் ஈடுகொடுக்க இயலவில்லை. பலர் எழுதும் இதழில் நடை தானே புதுப்பிக்கப்பெறும். ஒருவர் குரலே இதழாகும்போது அக்குரலின் முதுமை இதழின் முதுமையாகிறது.

மொழிபெயர்ப்பாளர் இங்கு விழிப்பாக இருத்தல் வேண்டும். 'ஸ்திரீ', 'பெண்' இரண்டையும் பிறமொழியில் ஒரே சொல்லால் பெயர்த்தால், கதை எஞ்சும். அக்கதை யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, யாரை விட்டுவிட்டது என்னும் வரலாறு மறைந்துபோகும்.